சரளைக் கல் தொடங்கும் இடம் வரை நல்ல பூங்கா

சக்கர நாற்காலியில் வருவோருக்கு ஏற்ற பூங்கா என்று வாயிற்பலகையிலேயே எழுதியிருந்ததால், துணைக்கு யாரையும் அழைக்காமல் தனியாகவே சென்றேன். நுழைவில் குறை சொல்ல எதுவுமில்லை. இருசக்கர வாகனங்களைத் தடுக்க நட்ட கம்பங்களுக்கிடையே 90 சென்டிமீட்டர் இடைவெளி இருந்ததால், விரல் மூட்டுகள் உரசாமல் உள்ளே செல்ல முடிந்தது. சாய்தளமும் கண்துடைப்புக்காகக் கட்டியதன்று. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்னும் 1:12 கணக்கில், இருபுறமும் கைப்பிடியோடு, மேலே நாற்காலியைத் திருப்பிக்கொள்ளப் போதுமான சமதளத்தோடு அமைந்திருக்கிறது.

ரோஜாப் பாத்திகளைக் கடந்ததும் சிமென்ட் பாதை முடிந்து சரளைக் கல் தொடங்குகிறது. தாமரைக் குளம் அதன் மறுமுனையில் இருக்கிறது. நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை. நம் எடையில் ஒரு பங்கை அவையும் தாங்குவதால், உதிரிக் கற்களின்மேல் உருளாமல் அவற்றுக்குள் புதைந்துவிடுகின்றன. பின்சக்கரங்களை எவ்வளவு தள்ளினாலும் நாற்காலி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிறதே தவிர நகர்வதில்லை. முன்சக்கரங்களைத் தூக்கி, பின்சக்கரங்களில் மட்டும் சமன்செய்து கடந்துவிடும் தேர்ச்சி சிலருக்கு உண்டு, எனக்கு இல்லை. பெரிய சக்கரங்கள் முதலில் செல்லும்படி பின்னோக்கியே உருட்டிக்கொண்டு மீண்டு வந்தேன். கான்கிரீட் போடச் சொல்லவில்லை, மண்ணை நன்றாக இடித்து இறுக்கியிருந்தாலே போதும்.

கழிப்பறையின் கதவு அகலமானது, சுவரில் பிடிமானக் கம்பிகளும் உண்டு. ஆனால் சாவி காவலரிடம் இருக்கிறது. திறந்து பார்த்தால், கம்பியில் ஈரத் துடைப்பம் காய்கிறது, நாற்காலி திரும்ப வேண்டிய இடத்தில் வாளிகள் அடுக்கியிருக்கின்றன. காவலர் சலிக்காமல் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மீண்டும் செல்வேன் என்றால், அது நறுமணச் செடிப் பகுதிக்காகத்தான். அங்கே பாத்திகளை மேசைபோல உயர்த்தி, கால்முட்டிகள் அடியில் நுழையுமாறு இடம் விட்டிருப்பதால், பக்கவாட்டில் கழுத்தைத் திருப்பி வேடிக்கை பார்க்காமல் செடிக்கு நேர்முகமாக அமர முடிகிறது. சக்கரம் தள்ளும் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு புதினா இலையைக் கசக்கி முகர்ந்தேன்; அரை மணி நேரம் அங்கேயே இருந்தேன்.

குளத்தைப் பார்க்க விரும்புவோர் வலுவான துணையோடு செல்லவும். பாதையைச் சீரமைத்ததும் தெரிவிக்குமாறு பூங்கா அலுவலகத்தில் என் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.