பரிசத்துக்கு முன்னா, தாலிக்குப் பின்னா: குடல் நோயை எப்போது சொல்வது?

குடும்பத்தில் குடல் பொலிப் நோய் இருக்கிற பிள்ளை ஒருவரை விரும்பத் தொடங்கினால், எங்கள் மலையகத்தில் மூன்று யோசனைகள் வரும். பரிசம் பேசும்போதே பெரியவர்கள் சொல்லிவிடட்டும் என்பது ஒன்று. பழகும்போது நீயே சொல் என்பது இன்னொன்று. தாலி ஏறும்வரை மூச்சு விடாதே என்பது மூன்றாவது. அம்மா வழியாக எனக்கும் இந்த நோய் உண்டு. மூன்று வழிகளிலும் போனவர்கள் எங்கள் சொந்தத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். பழகும்போது நாமே சொல்வதுதான் சரி என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. பெருங்குடலின் உள்சுவரில் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில், பொலிப் எனும் சின்னச் சின்னச் சதை வளர்ச்சிகள் வரும். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் நாற்பது வயதை ஒட்டிப் புற்றுநோய் வருவது ஏறக்குறைய நிச்சயம். காரணமான ஏபிசி (APC) மரபணுவை 1991இல் கண்டுபிடித்தார்கள். அதில் ஏற்படும் மாற்றம்தான் நோயைத் தருகிறது. தாய், தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. மாற்றம் வராத பிள்ளை அதை அடுத்த தலைமுறைக்குக் கடத்தாது. நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, பெற்றோர் யாருக்கும் இல்லாமல் புதிதாகவே வருகிறது. ‘பரம்பரைப் பாவம்’ என்று பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

மறைக்கிற வழியை நான் ஒரு நிமிடம்கூட ஏற்கமாட்டேன். புற்றுநோய் வராமலிருக்க ஒப்பரேஷன் செய்து பெருங்குடலை எடுத்தவர் நாளைக்கு நாலைந்து தடவையாவது கக்கூசுக்குப் போகவேண்டும், சிலர் இரவிலும் எழும்பவேண்டும். பக்கத்துக் காம்பிராவில் இருமினால் கேட்கிற தோட்டத்து லயத்து வீட்டில், கக்கூஸ் வெளியே இருக்கிற இடத்தில், இதை எத்தனை நாளைக்கு மறைக்கலாம்? அதைவிடப் பெரிய காரணம் பிள்ளை. நோய் வர வாய்ப்புள்ள பிள்ளைக்குப் பத்து, பன்னிரண்டு வயதிலிருந்தே குடலைக் கெமரா விட்டுப் பார்க்கத் தொடங்கவேண்டும். துணையிடம் மறைத்தவர் பிள்ளையை எந்தக் காரணம் சொல்லிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவார்? மறைத்து மறைத்துக் காலம் போகும். அந்தப் பொய்க்கான விலையைப் பிள்ளையின் குடல் கொடுக்கும்.

பெரியவர்கள் சொல்கிற வழியில் ஒரு நேர்மை இருக்கிறது. பின்னாளில் ‘ஏமாத்திட்டாங்க’ என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே செய்தி ஒன்று சுருங்கும், இல்லாவிட்டால் ஊதும். ஒரு மாமா ‘வயித்துல சின்னக் கோளாறு’ என்பார். கேட்ட அத்தை அடுத்த டிவிஷனில் ‘கேன்சர் குடும்பம்’ என்று சொல்லி முடித்திருப்பார். பிறகு தங்கச்சிமாருக்கும் வரன் வராது. இதிலும் பெண்ணுக்குத்தான் அடி அதிகம். மாப்பிள்ளைக்கு நோய் என்றால் ‘மருந்து எடுத்தா சரியாகிடும்’, பெண்ணுக்கு என்றால் ‘பிள்ளை தங்குமா?’ அந்தக் கேள்விக்குச் சரியான பதில் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பெண். அவளை அடுப்படியில் நிறுத்திவிட்டுத்தான் பேச்சு நடக்கிறது.

அதனால்தான் நாமே சொல்லவேண்டும் என்கிறேன். முதல் சந்திப்பிலேயே கொட்டத் தேவையில்லை. காமன்கூத்துத் திருவிழாக் காலத்தில் கண்ணால் பேசிப் பழகியவரிடம் மறுநாளே மருத்துவ வரலாறு சொல்லக் கடமை எதுவும் கிடையாது. இரண்டு பேரும் ‘வீட்டுல பேசலாமா?’ என்று யோசிக்கிற கட்டம்தான் எல்லை. அதற்கு முன்னே சொல்லிவிடுங்கள். சொல்கிற இடமும் முக்கியம். நெரிசலான பஸ் வேண்டாம், கூட ஆட்கள் இருக்கிற வீடும் வேண்டாம். பேராதனைப் பூங்கா மாதிரி உட்கார்ந்து பேச இடமும், பக்கத்தில் கக்கூசும் உள்ள இடமாகப் பாருங்கள். அட்டனிலிருந்து வருவதானால் ரயிலில் வாருங்கள். பஸ்ஸை விட அது நம் வயிற்றுக்கு நிம்மதி.

வார்த்தையை நேராக வையுங்கள். ‘அம்மாவுக்கு இருந்த குடல் நோய் எனக்கும் இருக்கு. தொத்தாது. வருஷா வருஷம் பார்க்கணும். நம்ம பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம்.’ இவ்வளவும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் கேட்கட்டும். இந்த வழியிலும் வலி உண்டு, அதை மறுக்கமாட்டேன். மனம் விட்டுப் பழகியவர் எழுந்து போனால், தரகர் வழியாக வந்த வரன் தட்டிப்போவதை விடப் பல மடங்கு நோகும். ஆனால் இருந்துவிட்டவர் எல்லாம் தெரிந்தே இருக்கிறார். என் வீட்டுக்காரர் அப்படி இருந்தவர்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது: ஒப்பரேஷன் முதலிலா, கல்யாணம் முதலிலா? டொக்டர் ‘இனித் தள்ளிப்போடக்கூடாது’ என்றால் கல்யாணத் தேதி அதற்குக் குறுக்கே நிற்கக்கூடாது. தள்ளிப்போட இடமிருந்தால், பெண்கள் எந்த ஒப்பரேஷன் என்று கேட்டு அறியவேண்டும். மலக்குடலை விட்டுவைத்துச் சிறுகுடலை அதனோடு இணைக்கும் முறையில் கருத்தரிப்பு அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் மீதமுள்ள மலக்குடலை ஆயுள் முழுக்கக் கெமரா விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். மலக்குடலையும் எடுத்து, சிறுகுடலிலேயே உள்ளே பை தைக்கும் முறையில் கருத்தரிக்கும் வாய்ப்புக் குறையலாம். மலக்குடலில் பொலிப் மிக அதிகம் என்றால் அந்த இரண்டாவது முறைதான் பாதுகாப்பு. இதைப் பெண் தனியாக உட்கார்ந்து தீர்மானிக்கக்கூடாது. கட்டப்போகிறவரும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

முறைப்பையன் என்றால் விளக்கவே தேவையில்லை, அவனுக்கு எல்லாம் தெரியும் என்று சொந்தத்துக்குள்ளேயே முடித்துவைக்கப் பார்ப்பார்கள். தாய்மாமன் மகனுக்கும் அதே மாற்றம் இருக்கலாம். இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வரும் அபாயம் பாதியைத் தாண்டிவிடும். இதே மாதிரியான பொலிப் நோயில் இன்னொரு வகை, தாய், தகப்பன் இருவரும் கடத்தினால்தான் பிள்ளைக்கு வரும். அந்த வகையில் சொந்தக் கல்யாணம் நேரடியாகவே அபாயத்தைக் கூட்டும். அவனையும் சோதித்த பிறகு பேசுங்கள்.

சொல்லி முடித்த கையோடு, அடுத்த கிளினிக் நாளில் அவரையும் கூட்டிப்போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள். வரிசைதான் நீளம், அவரும் கூட நிற்கட்டும். உங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டதை எல்லாம் டொக்டரிடம் கேட்பார்.