காது கேமரா: இரண்டு வருடம் வைத்திருந்தவன் சொல்வது

போன சனிக்கிழமை கும்பகோணத்தில், பையனின் பேச்சுப் பயிற்சி முடியட்டும் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த இன்னொரு அப்பா போனை நீட்டினார். “அண்ணே, நீங்க வச்சிருக்கீங்கள்ல காது கேமரா, அது இப்ப எழுநூத்தம்பதுக்கு வந்துருக்கு. போட்டுடவா?”

காது கேமரா என்றால் பேனா மாதிரி ஒரு கருவி, நுனியில் குட்டிக் கேமரா. காதுக்குள் வைத்தால் உள்ளே இருப்பது போனில் தெரியும். நான் வாங்கியபோது 1,600 ரூபாய். முதலில் வந்தது வயிற்றெரிச்சல். அது அடங்கி அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்வதற்குள் பையன் வெளியே வந்துவிட்டான், பஸ்ஸும் வந்துவிட்டது. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அவர் மகளுக்கு ஆட்டிசம். காதுப் பக்கம் கை போனாலே அலறும். என் பையனுக்கு டவுன் சிண்ட்ரோம், 9 வயது. இரண்டு வீட்டிலும் பிரச்சினை ஒன்றுதான், காதுக் குறும்பி. ஆனால் காரணம் வேறு. அவர் மகளுக்குக் காது சாதாரணக் காதுதான், தொட விடமாட்டாள், அவ்வளவே. எங்கள் பையனுக்குக் காதுத் துளையே குறுகல். குறும்பி அழுக்கு இல்லை, காதைக் காக்க உடம்பே சுரப்பது, தோலோடு நகர்ந்து தானாக வெளியே வந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். துளை குறுகலாக இருந்தால் வழியிலேயே அடைத்துக்கொள்ளும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு இது சகஜமாம்.

அது சகஜம் என்று எங்களுக்குத் தெரிவதற்குள் அவனுக்கு 7 வயது ஆகிவிட்டது. அதற்கு முன் ஒரு ஆறு மாதம், கூப்பிட்டால் திரும்பமாட்டான். டிவி சவுண்டைக் கூட்டுவான். பள்ளியில் கவனம் குறைந்துவிட்டது என்றார்கள். பிடிவாதம் என்றார் என் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த மாதிரிக் குழந்தைகளிடம் எது புதிதாகத் தெரிந்தாலும் “அது அப்படித்தான் இருக்கும்” என்று அந்தக் கண்டிஷன் மேலேயே பழியைப் போட்டுவிடுகிறோம். கடைசியில் இரண்டு காதிலிருந்தும் டாக்டர் எடுத்தது புளியங்கொட்டை நிறத்தில், கிட்டத்தட்ட அதே கெட்டியில் இரண்டு உருண்டை. வெளியே வந்து ஆட்டோ ஹாரனுக்குப் பையன் திடுக்கிட்டுத் திரும்பினான். நானும் அவன் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்தக் குற்ற உணர்ச்சியில் அன்றைக்கு ராத்திரியே ஆர்டர் போட்டதுதான் இந்தக் கேமரா.

எப்படி இருக்கும், எத்தனை எல்.இ.டி., என்ன ரெசல்யூஷன் என்பதெல்லாம் விற்கிற பக்கத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைத்தான் நான் சொல்ல வேண்டும். அது வைஃபை.

கேமராவில் திரை கிடையாது, போன்தான் திரை. கேமரா தனக்கென்று ஒரு வைஃபை போடும், போன் அதில் சேர வேண்டும். சேர்ந்ததும் “இதில் இணையம் இல்லை, இருக்கவா போகவா” என்று போன் கேட்கும். நம் ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் பையன் காது. எந்தக் கையால் பதில் சொல்வது? சொல்லாமல் விட்டால் போன் தன் இஷ்டத்துக்கு மொபைல் டேட்டாவுக்குத் தாவும். படம் அப்படியே உறைந்து நிற்கும். கேமரா காதுக்குள்ளே இருக்கிறது, திரையில் தெரிவதோ அரை நிமிடத்துக்கு முந்திய காது. இதைவிட ஆபத்தான நிலை வேறு இல்லை. உடனே வெளியே எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டு, பையனைச் சமாதானப்படுத்திவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டேட்டாவை அணைத்துவிட்டால் தீர்ந்தது என்பீர்கள். எங்கள் பையன் ஒருக்களித்து அசையாமல் படுப்பது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: ஜேசிபி வாய்க்கால் தூர்வாரும் வீடியோ. அது ஓடுவதும் இதே போனில். டேட்டா போனால் ஜேசிபி நிற்கும், ஜேசிபி நின்றால் பையன் எழுந்துவிடுவான். டவுன்லோடு செய்து வைத்தாலும் திரை ஒன்றுதானே, அதில் காது தெரியுமா, ஜேசிபி தெரியுமா? அவன் அம்மா போனை வாங்கலாம் என்றால் அவள் வேலைக்குப் போய்த் திரும்ப ஏழு மணி. என் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன்.

சொன்னால் சிரிப்பீர்கள். 1,600 ரூபாய்க் கேமராவுக்காக 4,000 ரூபாய் கொடுத்துப் பழைய போன் ஒன்று வாங்கினேன், ஜேசிபிக்கென்றே. இன்றுவரை அது ஜேசிபி போன்தான்.

இந்தக் கோபத்தில் நல்லதை மறைக்கக் கூடாது. பொருள் வேலை செய்கிறது. படம் தெளிவு. முதல் வாரம் என் காதையே பார்த்துப் பழகினேன், அது நல்லதாகப் போயிற்று. கையை வலது பக்கம் நகர்த்தினால் படம் இடது பக்கம் போகும், அந்தக் குழப்பத்தைக் குழந்தை காதில் கற்றுக்கொள்ளக் கூடாது.

பெட்டிக்குள் கேமரா நுனியில் மாட்டுகிற குட்டிக் குட்டிக் கரண்டிகள் வரும். அட்டைப்படத்தில் ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சிரிக்கிற குழந்தைக்குக் குறும்பி எடுப்பார். டாக்டரிடம் ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். கரண்டிகளை மட்டும் தனியாக எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார். “கேமரா உங்ககிட்ட இருக்கட்டும் சார். இது வேணாம். பையன் சடார்னு தலையைத் திருப்பினா உங்க கை நிக்காது.” குறுகலான துளையில் கரண்டி எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகமாம். பட்ஸுக்கும் அதே பதில். அந்தக் கரண்டிகள் வீட்டுக்கு வரவேயில்லை. இதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன், ஏனென்றால் வாங்கிய மறுநாளே ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டேன். திரையில் குறும்பி கண்ணுக்கு நேராக, பெரிதாக, “வா, எடு” என்று கூப்பிடும். கைக்கு எட்டுவது போலவே இருக்கும். பார்க்கிற கருவியைப் பறிக்கிற கருவி என்று சொல்லி விற்கிறார்கள். என் பெரிய மனத்தாங்கல் இதுதான்.

என் அம்மாவிடம் இருந்தது வேறு கருவி. நல்லெண்ணெயில் பூண்டுப் பல்லைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, சூடு ஆறியதும் இரண்டு சொட்டு. எனக்கும் என் தங்கைக்கும் விட்ட எண்ணெய்தான். கேமராவில் பேரன் காதைக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அதற்கு முந்திய வாரம் விட்ட எண்ணெய் குறும்பியோடு சேர்ந்து, சட்டிக் கசடு மாதிரிப் பளபளத்துக்கொண்டு கிடந்தது. “இது போவவே இல்லியேடா” என்றார். அதோடு எண்ணெய்க் கரண்டி ஓய்ந்தது. நான் எத்தனையோ தடவை சொல்லிக் கேட்காதவர், ஒரு படத்துக்குக் கேட்டார்.

இப்போது எங்கள் முறை இது. மாதம் இரண்டு தடவை கேமராவில் பார்ப்போம், எடுக்கமாட்டோம். துளை பாதிக்கு மேல் மூடியிருந்தால் டாக்டருக்குப் போன். அவர் சொன்னால், போகும் நாளுக்கு ஐந்து நாள் முன்பிருந்து அவர் எழுதிக் கொடுத்த சோடியம் பைகார்பனேட் சொட்டு. பாட்டிலைச் சட்டைப்பையில் கொஞ்ச நேரம் வைத்திருந்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் விட வேண்டும். சில்லென்று விட்டால் தலை சுற்றும். பையனுக்கு அதைச் சொல்லத் தெரியாது, வாந்தி எடுப்பான். விட்டபின் ஐந்து நிமிடம் அப்படியே படுக்க வேண்டும், அதாவது ஒரு ஜேசிபி. முதல் இரண்டு நாள் குறும்பி ஊறிக் காது இன்னும் மந்தமாகும், வகுப்பு டீச்சரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவோம். செவிப்பறையில் ஓட்டையோ, காதில் சீழோ, நீர் வடிய டாக்டர் வைத்த டியூபோ இருக்கிற குழந்தைக்கு இந்தச் சொட்டெல்லாம் டாக்டர் பார்க்காமல் விடக் கூடாது.

ஜூன், ஜூலையில் மட்டும் கணக்கு மாறும். நாங்கள் பாபநாசம் பக்கம். வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் அணை திறந்து, கல்லணை வந்து, எங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஏறுகிற நாள் வீட்டுப் பிள்ளைகள் ஒன்றும் வீட்டில் இருக்காது. இவனும் சித்தப்பா பையன்களோடு இறங்கிவிடுவான். காதில் இருக்கிற குறும்பி தண்ணீரைக் குடித்து உப்பும். காலையில் நன்றாகக் கேட்டவனுக்குச் சாயங்காலம் கேட்காது. முதல் வருடம் பதறினோம். இப்போது மே கடைசியிலேயே ஒரு தடவை டாக்டரிடம் காட்டிச் சுத்தம் செய்துவிடுகிறோம். நீர்வளத்துறை தூர்வாருகிறதோ இல்லையோ, எங்கள் வீட்டில் தண்ணீர் வருவதற்குள் தூர்வாரி முடிந்துவிடும்.

இனி நான் எதிர்பார்க்காமல் கிடைத்தது.

ஒரு நாள் வைஃபை வழக்கம்போல் சொதப்பி, கேமராப் படத்தைப் பையன் பார்த்துக்கொண்டிருந்த போனிலேயே திறக்க வேண்டியதாயிற்று. ஜேசிபி போய்க் காது வந்தது. கத்தப்போகிறான் என்று நான் கேமராவை இழுப்பதற்குள் அவன் விரலை வைத்து, “வாய்க்கா” என்றான். நான் “ஆமாப்பா, உன் வாய்க்காதான்” என்றேன். “சேறு” என்றான். அவ்வளவுதான், விஷயம் அவன் கைக்குப் போய்விட்டது. அதற்குப்பிறகு அவனே கேமராவை எடுத்துக்கொண்டு வருவான். அவன் காது, என் காது, அப்பாயி காது எல்லாம் வாய்க்கால். பத்து வரை எண்ணுவோம், பத்தில் எடுத்துவிடுவோம். பதினொன்றுக்கு ஒரு நாளும் போனதில்லை. அதை அவன் நன்றாகக் கவனிக்கிறான்.

முதல் தடவை குறும்பி எடுத்தபோது நான்கு பேர் பிடித்தோம். உறிஞ்சுகிற மெஷின் சத்தம் காதுக்குள்ளேயே கேட்குமல்லவா, அவன் அலறிய அலறல் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கடைசியாகப் போனபோது என் மடியில் உட்கார்ந்தான், டாக்டரின் திரையைப் பார்த்து “சேறு எடு” என்றான், வாயால் ஜேசிபி சத்தம் போட்டுக்கொண்டே இரண்டு காதையும் காட்டினான். இதற்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பில்லை. ஆனால் கேமரா இல்லாமல் இது நடந்திருக்காது.

இதே கேமராதான் எங்களை ஒரு தடவை ஏமாற்றவும் செய்தது. போன கார்த்திகையில் சளி பிடித்தபின் மறுபடியும் கூப்பிட்டால் திரும்பவில்லை. கேமராவை வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரிச் சுத்தம். காது நன்றாகத்தானே இருக்கிறது, பிடிவாதம்தான் போல என்று மூன்று வாரம் விட்டுவிட்டேன். பழைய தப்பு, புது மெஷினோடு. டாக்டர் காது அழுத்தம் பார்க்கும் சோதனை எடுத்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார். இதுவும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு அதிகம் வருவதுதான். வாய்க்கால் சுத்தம், மதகுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. செவிப்பறை மங்கலாக இருப்பதை டாக்டர் பார்த்ததுமே கண்டுகொண்டார். நான் பார்த்தும் எனக்கு அது மங்கலாகத் தெரியவில்லை. படம் எனக்கும் அவருக்கும் ஒன்றுதான், பார்க்கத் தெரிந்தது அவருக்கு மட்டும். இப்போது கேமரா என்ன காட்டினாலும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்விடுகிறோம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கேட்கும் திறன் சோதனை.

மற்றபடி, ஒன்றரை வருடத்தில் சார்ஜ் பின் ஆடிப்போனது. தஞ்சாவூரில் ஒரு போன் கடைத் தம்பி 150 ரூபாய்க்கு மாற்றிக் கொடுத்தார், மாற்றும்போது “இது என்னண்ணே, எழுதாத பேனா?” என்று கேட்டார். ஐந்து நிமிடம் ஓடினால் நுனி சுடும். நாங்கள் பத்து எண்ணிக்கையோடு நிறுத்துவதால் அது எங்களைத் தொடவில்லை.

ஆக, அந்த நண்பருக்கு: வாங்காதீர்கள். உங்கள் மகள் காதைத் தொடவே விடமாட்டாள், அவளிடம் வைஃபையோடு மல்லுக்கட்டிக்கொண்டு போய் நின்றால் மிச்சமிருக்கிற நம்பிக்கையும் போய்விடும். வெறும் விரலை வைத்து எண்ணிப் பழக்குங்கள், அதற்குச் செலவில்லை. கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் எங்கள் கேமராவைக் கேளுங்கள், ஒரு வாரத்துக்குத் தருகிறேன். விற்பீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள், பையன் விடமாட்டான்.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. எழுதியதைப் படித்துப் பார்த்த அவன் அம்மா, “இவ்வளவு நல்லதா சொல்லிட்டு இரண்டா? நாலு போடுங்க” என்கிறாள். அவள் இந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அந்த வைஃபையை இணைத்ததில்லை.