ஒரே பெயரில் இரண்டு இடம்: ஒரு விமான மென்பொருளுக்கு என் மதிப்பெண்

14 வருடமாக மென்பொருளைச் சோதிப்பதுதான் என் வேலை. பிரிட்டனின் வான்போக்குவரத்தைக் கவனிக்கும் நாட்ஸ் நிறுவனத்தில் ஓடும் எஃப்.பி.ஆர்.எஸ்.ஏ-ஆர் என்ற மென்பொருளை, அது 2023இல் முடங்கியது பற்றி வெளிவந்த விசாரணை அறிக்கைகளை வைத்து ஒரு டெஸ்டராக மதிப்பிடுகிறேன். 5க்கு 2.

ஒவ்வொரு விமானமும் கிளம்புமுன் தான் போகும் வழியை எழுதிக் கொடுக்கும். ஐரோப்பாவின் மைய அமைப்பு வழியாக வரும் அந்தத் திட்டங்களை இது வாங்கி, பிரிட்டன் வானுக்குள் விமானம் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பிரித்தெடுத்துக் கட்டுப்பாட்டாளர்களின் கணினிக்கு அனுப்புகிறது. 2018 முதல் ஒன்றரைக் கோடித் திட்டங்களுக்கு மேல் கையாண்டிருக்கிறது. ஒரு மதிப்பெண் அதற்கு.

2023 ஆகஸ்ட் 28, அங்கே அரசு விடுமுறை. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாரீஸ் போகும் ஒரு விமானத்தின் திட்டம் வந்தது. அந்த வழியில் டி.வி.எல் என்ற ஒரே குறியீட்டில் இரண்டு இடங்கள்: அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் டெவில்ஸ் லேக், பிரான்சில் டோவில். நடுவே சுமார் 4,000 கடல் மைல். மென்பொருள் தவறானதைப் பிடித்துக்கொண்டது. அதன் கணக்கில் விமானம் பிரிட்டனுக்குள் நுழைவதற்கு முன்பே வெளியேறிவிட்டது.

நான் குடியிருப்பது கோவை ராமநாதபுரத்தில். அம்மாவுக்கு வர வேண்டிய மூக்குக்கண்ணாடி ஒருமுறை தெற்கே இருக்கும் ராமநாதபுரத்துக்குப் போய், ஐந்து நாள் கழித்து, பெட்டி மேல் 'கோவை' என்று சிவப்பு மையில் வட்டம் போட்டு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து எந்த முகவரித் திரையைச் சோதித்தாலும் நான் முதலில் அடிக்கும் ஊர் ராமநாதபுரம்தான். ஆனால் அந்த ஒரு பெட்டி வழிதவறியதற்காக ஊரில் மற்ற பார்சல்கள் நிற்கவில்லை. இங்கே எல்லாமே நின்றது. புரியாத ஒரு திட்டத்தை ஓரமாக வைத்து ஆளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டு, மென்பொருள் மொத்தமாக நின்றுவிட்டது.

தவறான தகவலைக் கட்டுப்பாட்டாளருக்குத் தள்ளாமல் நின்றது சரி. இரண்டாவது மதிப்பெண் அதற்கு. ஆனால் மாற்று அமைப்பு? அதிலும் அதே மென்பொருள். அதே திட்டத்தை வாங்கி அதே இடத்தில் அதுவும் விழுந்தது. திட்டம் வந்த 20 நொடிக்குள் இரண்டும் காலி. ஒரே தப்பான விடையை மனப்பாடம் செய்த இரண்டு பேரைப் பரீட்சைக்கு அனுப்பிய மாதிரி. இதை நான் பேக்கப் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் கைவேலை. மணிக்கு 400 முதல் 800 திட்டங்கள் வரும் இடத்தில் கையால் போட முடிந்தது 60தான். பொறுப்பில் இருந்த பொறியாளர் வீட்டில் இருந்தார். நேரில் வந்து சேர ஒன்றரை மணி நேரம் பிடித்தது. 7 லட்சம் பயணிகளுக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள்.

'தாமதம்தானே, உயிருக்கு ஒன்றும் இல்லையே' என்று என் குழுவிலேயே ஒருவர் சொன்னார். அன்று விமானங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், அதனால் தப்பித்தது. குறைக்காமல், எல்லாப் பாரத்தையும் ஒரு மனிதர் தலையில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் ஊபர்லிங்கன். அந்த வானைக் கவனித்த சூரிச் மையத்தில் பராமரிப்பு வேலை. திரையில் வர வேண்டிய மோதல் எச்சரிக்கை இல்லை, தொலைபேசி இணைப்பும் சரியாக இல்லை. ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து கார்ல்ஸ்ரூ மையத்தில் ஆபத்தைக் கண்டவர்கள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் லைன் கிடைக்கவில்லை. கட்டுப்பாட்டாளர் ஒரு விமானத்தை இறங்கச் சொன்னார், அதே விமானத்தில் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவி ஏறச் சொன்னது. விமானி இறங்கினார், விமானம் இன்னொரு விமானத்தோடு மோதியது. 71 பேர் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் குழந்தைகள். இதை நான் நிதானமாகப் படிக்க முடிந்ததே இல்லை.

2025 நவம்பரில் டெல்லியிலும் திட்டத் தகவலை அனுப்பும் ஏ.எம்.எஸ்.எஸ் படுத்து, கட்டுப்பாட்டாளர்கள் கையால் வேலை பார்க்க, 800 விமானங்களுக்கு மேல் தாமதமாயின. நாளைக்கே நான் ஏறும் விமானமும் அந்த வரிசையில் இருக்கலாம்.

டி.வி.எல் குழப்பத்துக்கு நாட்ஸ் திருத்தம் போட்டுவிட்டது, நல்லது. நான் கேட்பது வேறு: மாற்று அமைப்பில் வேறு ஆட்கள் எழுதிய வேறு மென்பொருள், விடுமுறை நாளிலும் கட்டடத்துக்குள் ஒரு பொறியாளர். இரண்டும் வரட்டும், 4 போடுகிறேன்.