குதிரைவெட்டிக்கு வாடகை பொலிரோ: வண்டிக்கு நாலு ஸ்டார், சாப்பாடு உங்கள் பாடு

மலை உச்சியில் இலையைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், ஹெலிகாப்டரில் போய் இறங்க முடியுமா என்று கேட்கிறவர்கள் திருநெல்வேலிப் பக்கமும் இருக்கிறார்கள். குதிரைவெட்டியில் அது நடக்காது. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக் காடு. மொட்டைப்பாறை இருக்கிறது என்பதற்காக அங்கே கொண்டுபோய் இறக்க எவனும் விடமாட்டான். இருக்கிற வழி அம்பாசமுத்திரத்திலோ கல்லிடைக்குறிச்சியிலோ ஜீப், பொலிரோ பிடித்து மணிமுத்தாறு செக்போஸ்ட் வழியாக ஏறுவதுதான். அரசுப் பேருந்தும் ஏறுகிறது. அந்தச் சாலையில் பஸ் டிரைவர்களுக்குள்ள கை வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் வேடிக்கை பார்க்க நிற்கமாட்டார்கள். சாப்பாட்டுத் தூக்கோடு போகிற குடும்பத்துக்கு வாடகை வண்டிதான் சரி.

வாடகை பேசும்போது நாலு விஷயத்தைத் தனித்தனியாகக் கேட்டுவிட வேண்டும். டீசல் சேர்த்தா? டிரைவர் பேட்டா சேர்த்தா? வனத்துறைக் கட்டணத்தை யார் கட்டுவது? நாலாவதுதான் முக்கியம்: வண்டி எதுவரைக்கும் போகும்? "மாஞ்சோலை டிரிப்" என்று சொல்லிவிட்டு மாஞ்சோலையோடு திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து எல்லாம் தாண்டித்தான் குதிரைவெட்டி. தூரக் கணக்கில் மாஞ்சோலை பாதி வழிதான். "அண்ணாச்சி, குதிரைவெட்டி வாட்ச் டவர் வரைக்கும்தானே?" என்று ஊரிலேயே கேட்டு முடித்துவிட்டால் மேலே போய் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

அனுமதிச் சீட்டு வாங்க அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு உண்டு. பைக்கை விடுவதில்லை. பெருமழை, காட்டுத்தீ, யானை நடமாட்டம் என்று எதற்கு வேண்டுமானாலும் மூடுவார்கள். அதனால் முதல் நாள் மாலை ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அரிசியை ஊறப்போட வேண்டும். டிரைவரே சீட்டு எடுத்துத் தருகிறார் என்றால் நல்லது, ஆனால் அதில் உள்ள தேதியையும் வண்டி எண்ணையும் கிளம்பும் முன் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு வண்டிக்கு எடுத்த சீட்டோடு செக்போஸ்டில் போய் நின்றால் பேச்சுக்கே இடமில்லை.

வண்டி விஷயத்தில் அம்பாசமுத்திரத்துக்காரர்கள் பொலிரோவை விடாததற்குக் காரணம் இருக்கிறது. வயிறு தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் உயரம், பின் சக்கரத்துக்கு பட்டை ஸ்பிரிங், எந்த ஒர்க்‌ஷாப்பிலும் பிரித்துப் பூட்டலாம். செக்போஸ்ட் தாண்டியதும் தார் அங்கங்கே விட்டுப்போய் ஜல்லி பெயர்ந்து கிடக்கும். மழைத் தண்ணீர் அறுத்து, சக்கரம் ஓடும் இரண்டு தடத்தையும் பள்ளமாக்கி நடுவை மேடாக விட்டிருக்கும். சிறிய செடான் காரில் ஐந்து பேர் உட்கார்ந்து போனால் அந்த நடுமேடு நேராக ஆயில் சேம்பரில் இடிக்கும். சேம்பர் ஓட்டையானால் அங்கே ஒட்டுப்போட ஆளில்லை, கீழேயிருந்து கட்டி இழுக்கத்தான் வேண்டும்.

பொலிரோவில் உள்ள குறை பின்னால் இருக்கும் குறுக்கு சீட். ஏழு பேர் என்று சொல்லித்தான் ஏற்றுவார்கள். அந்தப் பக்கவாட்டு பெஞ்சில் உட்காருகிறவருக்கு உடம்பு ஒரு பக்கம் சாயும், கண் வேறு பக்கம் பார்க்கும், கொண்டை ஊசி வளைவு வந்ததும் வயிறு புரளும். அதில் பிள்ளைகளைப் போடுவது வழக்கம், முதலில் வாந்தி எடுப்பதும் அவர்கள்தான். ஒரு வண்டிக்கு டிரைவரோடு சேர்த்து ஐந்து பேர், பின்னால் சாமான். இதுதான் கணக்கு. ஆறாவது ஆள் இருந்தால் குறுக்கு சீட்டுக்குப் பெரியவர் ஒருவர் போகட்டும். பஸ் மாத்திரை பழக்கம் உள்ளவர்கள் மணிமுத்தாறு வந்தபிறகு போட்டால் பிரயோஜனமில்லை, கிளம்புவதற்கு அரைமணி, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போட வேண்டும். காலையில் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் புரட்டும், பூரி கிழங்கும் புரட்டும்.

கிளம்பும் முன் ஸ்டெப்னியைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஜாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். இதைக் கேட்டால் கோபப்படுகிற டிரைவரை விட்டுவிடலாம். பணம் ரொக்கமாகவே கையில் இருக்கட்டும். ஏறத் தொடங்கினால் சிக்னலை நம்ப முடியாது, ஜிபே சுற்றிக்கொண்டே நிற்கும்.

நேரம்தான் இந்தப் பயணத்தில் எல்லாம். திருநெல்வேலியிலிருந்து விடியுமுன் ஐந்து, ஐந்தரைக்குக் கிளம்பி செக்போஸ்ட் திறக்கும்போது வரிசையில் நிற்க வேண்டும். ஏன் இவ்வளவு அவசரம் என்றால் மஞ்சுதான், மூடுபனிதான் காரணம். வெயில் ஏற ஏற சரிவு சூடாகி, பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலே ஏறும். குளிர்ந்ததும் அது அப்படியே மேகமாக உச்சியில் உட்கார்ந்துவிடும். பத்து, பதினோரு மணிக்குள் போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கீழே அணைத் தண்ணீர் தகடுபோல் மின்னும், மடிப்பு மடிப்பாக மலை தெரியும். ஒரு மணிக்குப் போனவர்களுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் முகமே தெரியாது. அதனால் ஏறும்போதே மணிமுத்தாறு அருவியில் இறங்கிக் குளிக்கிற பழக்கம் வேண்டாம். ஒரு மணி நேரம் என்று இறங்கினால் இரண்டு மணி நேரம் போய்விடும். அருவிக்கு இன்னொரு நாள் தனியாக வாருங்கள், அது எங்கேயும் ஓடிவிடாது.

1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறையும், காற்றழுத்தமும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பி நிற்பது அதனால்தான். இறுக்கி மூடிய ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால் எண்ணெய் பொங்கிச் சட்டையில் வழியும், கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் திருகுங்கள். காது அடைப்பது ஏறும்போதைவிட இறங்கும்போது அதிகம். கைக்குழந்தைக்கு இறங்கும் வழியில் பால் கொடுத்துக்கொண்டே வந்தால், விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும்.

இனி சாப்பாடு. சிங்கம்பட்டி ஜமீனிடம் இந்த மலைநிலத்தை 1929-ல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த பம்பாய் பர்மா கம்பெனி 2024-ல் தேயிலைத் தோட்டத்தை மூட முடிவெடுத்தபின், லயன் வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் தலைமுறைகளாக இருந்த இடத்தைவிட்டு இறங்க வேண்டியதாயிற்று. ஆள் இல்லாத இடத்தில் கடை எதற்கு? டீ, வடைக்குக்கூட மேலே கடையை நம்பிப் போகக் கூடாது. காட்டுக்குள் அடுப்பு மூட்டுவதும் குற்றம். ஆகவே எல்லாம் வீட்டிலிருந்து கட்டிப் போக வேண்டும்.

ஆறு பேருக்கு 900 கிராம் அரிசி: 500 புளியோதரைக்கு, 400 தயிர்சாதத்துக்கு. புளியோதரைக்கு 75 கிராம் புளி, 100 மில்லி நல்லெண்ணெய். புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை வற்ற விட வேண்டும், தண்ணீர் நின்றால் மதியத்துக்குள் வாடை அடிக்கும். சோற்றை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, ஆறியபின் கிளற வேண்டும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் கெடுப்பது. விடியற்காலை அவசரத்தில் ஆவி பறக்கும் சோற்றைத் தூக்கில் போட்டு மூடிவிடுவார்கள். மூடியின் உள்பக்கம் ஆவி முத்து முத்தாகக் கோத்து, சொட்டுச் சொட்டாக மேல்சோற்றில் விழும். உச்சியில் திறக்கும்போது மேல் இரண்டு அங்குலம் கொழகொழவென்று ஊசிப்போயிருக்கும், அடிச்சோறு நன்றாகவே இருக்கும். கைபொறுக்கும் சூடு வந்தபின் மேலே வாட்டிய வாழையிலை ஒன்றை வைத்து மூடினால் அந்தத் தண்ணீரை இலை பிடித்துக்கொள்ளும்.

தயிர்சாதத்துக்கு 750 மில்லி காய்ச்சிய பால், வெதுவெதுப்பாக. தயிர் மூன்றே ஸ்பூன். மேலே குளிருமே, உறையாதே என்று பயந்து தயிரைக் கூட்டுவார்கள். ஆனால் முதல் இரண்டு, மூன்று மணி நேரம் தூக்கு இருப்பது மலைக்குளிரில் அல்ல, வண்டிச் சூட்டில். கூடுதல் தயிர் போட்டால் மாஞ்சோலைக்குள் புளித்துவிடும். சன்னலோரம் வெயில் படும் இடத்தில் தூக்கை வைக்க வேண்டாம், நடு சீட்டின் கால்மாட்டில் ஈரத்துணி சுற்றி நிற்கட்டும்.

நம்ம ஊர் என்றாலே கூட்டாஞ்சோறு என்பார்கள். மலைக்கு வேண்டாம். அரைத்த தேங்காயும் பருப்பும் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் சேர்ந்த சோறு நாலு மணி நேரம் தாங்குவதே பெரிய விஷயம். தேங்காய்ச் சட்னியும் அப்படித்தான். தொட்டுக்கொள்ள தண்ணீர் தெளிக்காமல் அரைத்த எள்ளுத் துவையல், பருப்புத் துவையல், மோர் மிளகாய் போதும். கூழ்வற்றலைக் காற்றுப்புகாத டின்னில் கொண்டுபோக வேண்டும், மஞ்சில் ஐந்து நிமிடம் திறந்திருந்தால் தோல்போல் துவண்டுவிடும். அல்வாவுக்கு ஒரு எச்சரிக்கை: குளிரில் நெய் உறைந்து மேலே வெள்ளை படியும், அல்வா கெட்டுப்போயிற்று என்று கடைக்காரரைத் திட்ட வேண்டாம். வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் பழையபடி வழுக்கும்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை, செக்போஸ்டில் பையைத் திறந்தும் பார்ப்பார்கள். எவர்சில்வர் தம்ளரும் வாழையிலையும் எடுத்துப் போங்கள். இலையை முதல் நாளே தணலில் லேசாக வாட்டிச் சுருட்டினால் வளைவில் நசுங்கினாலும் கிழியாது. சாப்பிட்ட இலையும் கீழே வரவேண்டும், எறியக் கூடாது. மிச்சச் சோறு குரங்குக்கும் பன்றிக்கும் பழகிவிட்டால் அடுத்த வண்டிக்காரன் பாடு திண்டாட்டம். அரிசிக்கே பேர்போன அரிக்கொம்பன் யானையை 2023-ல் விட்டதும் இந்த மலையில்தான், அந்த வருடம் செப்டம்பரில் அது நாலுமுக்குத் தோட்டத்துக்கே வந்து நின்றது. வாழைத்தாரை வண்டியில் தொங்கவிட்டுப் போகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

மழை முடிந்த மாதங்களில் அட்டை உண்டு. கெண்டைக்கால் வரை வேப்பெண்ணெயோ காய்ந்த சோப்போ தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்தால் பிடித்து இழுக்காமல், சுண்ணாம்பையோ உப்புப் பொட்டலத்தையோ தொட்டு வையுங்கள், தானே விழும். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால் கொஞ்ச நேரம் கசியும். பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தால் போதும்.

இறக்கத்தில்தான் டிரைவரின் தரம் தெரியும். ஏறிய கியரிலேயே இறக்க வேண்டும், செகண்டுக்கு மேல் போகக் கூடாது. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். கால்மணி நேரத்தில் தீய்ந்த வாடை வரும், மிதி ஆழமாகப் போகும். அப்போது, "அண்ணாச்சி, ஓரமா நிறுத்துங்க, பிள்ளைகளுக்கு ஒண்ணுக்கு வருது" என்று சொன்னால் யாரும் கோபப்படமாட்டார்கள். இருபது நிமிடம் நிறுத்தினால் சூடு இறங்கும். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள், கொதிக்கும் டிரம் கோணிவிடும். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. ஆனால் எதிரே பஸ் வந்தால் ஏறினாலும் இறங்கினாலும் பொலிரோதான் ரிவர்ஸ் எடுக்கும், அந்த நேரம் டிரைவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

வாடகை வண்டி என்ற சேவைக்கு நாலு ஸ்டார். ஒன்றைக் குறைத்தது குறுக்கு சீட்டுக்கும், மாஞ்சோலையோடு திருப்பப் பார்க்கிற பழக்கத்துக்கும். முதுகு வலி உள்ளவர்கள், ஏழாம் மாதக் கர்ப்பிணிகள் இந்தச் சாலையில் ஏறவே வேண்டாம். கழிப்பறை வேலையை மணிமுத்தாறிலேயே முடித்துவிடுங்கள். மாலை கேட் மூடும் நேரத்தைக் காலையிலேயே செக்போஸ்டில் கேட்டு, அதிலிருந்து மூன்று மணி நேரம் பின்னால் எண்ணி, அந்த நேரத்துக்குத் தூக்கைக் கழுவி வண்டியில் ஏற்றிவிட வேண்டும்.