மஞ்சக்குப்பம் டீக்கடை: வடைக்கு 3 ஸ்டார், பாஸ்கெட்பால் கிளாஸுக்கு 5

கடலூர் மஞ்சக்குப்பத்துல விடியக்காலைல கிரவுண்டுக்கு ஓட வர்றவங்களுக்கு இந்த கடை தெரிஞ்சிருக்கும், நாலு மணிக்கே பாய்லர் கொதிக்க ஆரம்பிச்சிடும், போர்டெல்லாம் கிடையாது. டீ நல்லாருக்கும், இஞ்சி கொஞ்சம் தூக்கல். மெதுவடை அஞ்சரைக்கு மேலதான் சூடா வரும், அதுக்கு முன்னாடி கேட்டா நேத்து மசால்வடைய எடுத்து நீட்டுவாங்க, வாங்கிடாதீங்க. ஆனா நான் எழுத வந்தது டீக்காக இல்ல, இந்த கடையோட மார்ச் மாசத்துக்காக.

மாஸ்டர் அண்ணன் காலேஜ்ல பாஸ்கெட்பால் ஆடினவர். கல்லாவுக்கு மேல ஒரு பழைய டிவி. அமெரிக்காவுல சாயங்காலம் ஏழு மணி மேட்ச்னா மார்ச்ல நமக்கு காலை நாலரை, கடை திறக்கிற நேரத்துக்கு கரெக்டா வந்து உட்காருது. அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால் டோர்னமெண்ட், 'மார்ச் மேட்னஸ்'னு சொல்வாங்க. 68 காலேஜ் டீம், மொத்தமும் நாக்-அவுட், தோத்தா மூட்டை கட்ட வேண்டியதுதான். டீமுங்கள நாலு பிரிவா பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் பலத்துக்கு ஏத்த மாதிரி ஒன்னுல இருந்து பதினாறு வரைக்கும் வரிசை போடுவாங்க, அந்த நம்பர்தான் சீடு, ஒன்னு பெருசு, பதினாறு பொடிசு. எந்த ஆப்புல போடுறார்னு கேக்காதீங்க. மேட்ச் இல்லாத நாள்ல பழைய மேட்ச் ஓடும்.

சின்ன டீம் வெறியா ஆடும், பெரிய டீம் மெத்தனமா இருக்கும், அதான் கவுந்துடுறாங்கன்னு எல்லாரும் சொல்ற மாதிரி நானும் ஒருநாள் சொல்லிட்டேன். அண்ணன் டீ ஆத்திக்கிட்டே, "வெறி எல்லாருக்கும்தான் தம்பி இருக்கு, அப்புறம் ஏன் 2018 வரைக்கும் பதினாறாம் சீடு டீம் ஒன்னாம் சீட 135 மேட்ச்ல ஒரு தடவ கூட ஜெயிக்கல?"ன்னு கேட்டார். நான் டீய குடிச்சேன்.

அப்புறம் பொறை ஜாடிய எடுத்து பெஞ்சு நடுவுல வெச்சார் பாருங்க, அதுதான் ஒன்னாம் சீடு பர்டியூ டீமோட சாக் ஈடி, 7 அடி 4 அங்குலம். ஜாடிக்கு முன்னாடி ஒரு கிளாஸ், பின்னாடி ஒரு கிளாஸ். 2023ல ஃபேர்லி டிக்கின்சன் காலேஜ் டீம் பண்ணது இதான், டிவிஷன் ஒன்லயே, அதாவது காலேஜ் பாஸ்கெட்பாலோட மேல் மட்டத்துலயே குள்ளமான டீம், அதுவும் சொந்த லீக் ஃபைனல்ல தோத்துட்டு, ஜெயிச்ச மெரிமேக்குக்கு அந்த வருஷம் தகுதி இல்லைன்னதால உள்ள வந்த டீம். முன்னாடி இருக்கறவன் பாஸ மறிப்பான், தலைக்கு மேல தூக்கிப் போட்டா பின்னாடி இருக்கறவன் வந்து விழுவான். "ரெண்டு பேரு ஜாடிகிட்ட நின்னா வெளிய எவனோ ஒருத்தன் ஃப்ரீயா நிக்கணும்ல, அவன் போட்டிருந்தா மேட்ச் முடிஞ்சுது. போடல." பர்டியூ 26 த்ரீ, அதாவது தூரத்துல இருந்து போடுற மூணு பாயிண்ட் ஷாட், அடிச்சு உள்ள போனது 5. ஸ்கோர் 63-58, பதினாறாம் சீடு ஜெயிச்சிடுச்சு.

முதல் தடவ இது நடந்தது 2018ல, பதினாறாம் சீடு யூஎம்பிசி காலேஜ், ஒன்னாம் சீடு வர்ஜீனியாவ 74-54ன்னு அடிச்சப்ப. ஹாஃப் டைம்ல 21-21. வடை பேப்பர்லயே கணக்கு போட்டார்: யூஎம்பிசி 24 த்ரீ அடிச்சு 12 உள்ள, வர்ஜீனியா 22 அடிச்சு 4 உள்ள. த்ரீல மட்டும் அவங்களுக்கு 36 பாயிண்ட், வர்ஜீனியாவுக்கு 12, வித்தியாசம் 24 பாயிண்ட். வர்ஜீனியா மேட்ச்சே தோத்தது 20 பாயிண்ட்லதான்! அதுல வர்ஜீனியா ஸ்டைலே மெதுவா ஆடுறது, பால் கைமாறுறது கம்மி, ஷாட்டும் கம்மி. ரம்மி மாதிரிதான், விடிய விடிய ஆடினா தெரிஞ்சவன்தான் அள்ளுவான், நாலு ரவுண்டோட எழுந்துட்டா எவன் வேணா ஜெயிப்பான். நம்ம பக்கம் டோர்னமெண்ட்ல லீக் கம் நாக்-அவுட்னு வெச்சா பெரிய டீமுங்க நிம்மதியா தூங்குறது இதனாலதான். அதே வர்ஜீனியா 2019ல கப்பு அடிச்சுது, டீம் மோசம்னு எவனும் சொல்ல முடியாது.

வயசும் ஒரு காரணம்ங்கிறார். பெரிய காலேஜ்ல பத்தொன்பது வயசு பையன் ஒரு சீசன் ஆடிட்டு என்பிஏங்கிற புரொஃபஷனல் லீகுக்கு போயிடுவான், சின்ன காலேஜ்ல இருபத்திரெண்டு வயசு ஆளுங்க வருஷக்கணக்கா ஒன்னா ஆடி கண்ணசைவுலயே பாஸ் போடுவாங்க. ஆனா இது இனி எத்தன நாளுக்குன்னு எனக்கு சந்தேகம், இப்ப நல்லா ஆடுறவன காசு குடுத்து பெரிய காலேஜ் இழுத்துக்குது, 2025ல செமிஃபைனல் வந்த நாலுமே ஒன்னாம் சீடு. அத சொன்னா மட்டும் அண்ணனுக்கு கோவம் வந்து சக்கரை கொஞ்சம் கூட விழுந்துடும்.

குறைன்னா ரெண்டு. ஸ்டூல் பத்தாது, நின்னுக்கிட்டே பாக்கணும். இன்னொன்னு, ஆறு மணிக்கு மேல ஒரு பெரிசு வருவார், வந்தா ரிமோட் அவர் கைக்கு போயிடும், யாரும் வாய திறக்க மாட்டாங்க. 2024ல ஓக்லாண்ட் கென்டக்கிய கவுத்துச்சே, ஜாக் கோல்கி ஒத்த ஆளா 10 த்ரீ போட்ட மேட்ச், அதோட கடைசி நிமிஷங்கள் ஓடும்போது எங்க கடை டிவில கடக ராசிக்கு பலன் சொல்லிட்டிருந்தாங்க, 80-76ன்னு போன்லதான் பார்த்தேன்.