மானிட்டர்ல இருந்து டேட்டா எடுக்குறது: சீரியல் கேபிள்ல இருந்து எச்எல்7 வரைக்கும்

நாலு வருஷமா ஐசியு மானிட்டர்ல இருந்து டேட்டா எடுக்குற வேலை தான் பாக்குறேன். ஆர்எஸ்-232ங்கிற பழைய சீரியல் கேபிள் இணைப்புல ஆரம்பிச்சது, இப்போ பெரும்பாலும் எச்எல்7, அதாவது ஆஸ்பத்திரி சிஸ்டங்க ஒண்ணுக்கொண்ணு டேட்டா அனுப்புற பொது மெசேஜ் வடிவம்.

சீரியல்ல பாட் ரேட் (அனுப்புற வேகம்), பேரிட்டி (பிழை சோதிக்கிற பிட்) எது தப்புனாலும் குப்பையா தான் வரும், ஒண்ணுமே வரலைன்னா முதல்ல நல் மோடம் கேபிளா (அனுப்புற, வாங்குற கம்பி குறுக்கா மாறினது) நேர் கேபிளான்னு பாருங்க, நான் அரை நாள் புரோகிராம் கோட்ல தேடிட்டு கடைசியில கேபிளை மாத்துனதும் வந்துச்சு. இன்னொண்ணு, பேஷண்ட்டோட இணைஞ்சிருக்குற மெஷின்ல சாதாரண பிசியை நேரா சொருகாதீங்க, லீக்கேஜ் கரண்ட் விஷயம், கசியுற கரண்ட் பேஷண்ட் உடம்புக்குள்ள போயிடலாம், அதைத் தடுக்குற ஐசோலேட்டர் இல்லாம நான் தொடவே மாட்டேன்.

அலைவடிவம் வேணும்னா அந்தந்த கம்பெனியோட சொந்த புரோட்டோகால் தான் பெரும்பாலும் வழி. பிலிப்ஸ் இன்டெல்லிவியூ மானிட்டர்ல லேன் வழியா யூடிபி 24105 போர்ட், முதல்ல அசோசியேஷன் (இணைப்பு) போட்டு அப்புறம் போல் பண்ணணும், அதாவது டேட்டா கேட்டு வாங்கணும், எல்லாம் பைனரி, அதைப் பிரிச்சுப் படிக்கிற பார்சர் எழுத நிறைய பொறுமை வேணும், ஆனா ஈசிஜி அலை அப்படியே கைக்கு வரும்.

அளவுகளைப் பதிவு பண்ற வெறும் சார்ட்டிங்னா எச்எல்7 போதும். ஓஆர்யூங்கிற ரிசல்ட் அனுப்புற மெசேஜ், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு ஓபிஎக்ஸ் வரி, கண்ணாலயே படிச்சிடலாம். எச்எல்7 மெசேஜை டிசிபி நெட்வொர்க் இணைப்புல அனுப்புற எம்எல்எல்பி முறையில மெசேஜ் 11ங்கிற பைட்ல ஆரம்பிச்சு 28, 13ல முடியும், ஒரே ரீட்ல முழுசா வந்துடும்னு மட்டும் நம்பாதீங்க, டிசிபி அதை எங்க வேணா வெட்டும், 28, 13 வர்ற வரைக்கும் சேத்து வைங்க. மெசேஜ் கிடைச்சதுன்னு சொல்ற ஏசிகே பதிலை அனுப்ப லேட் பண்ணாலும் அந்தப் பக்கம் மெசேஜ் தேங்கிடும்.

ஒரு ராத்திரி ஒரு பேஷண்ட்டோட எஸ்பிஓ2 (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) ப்ரோப் விரல்ல இருந்து கழண்டு கிடந்துச்சு. மானிட்டர்ல வெறும் கோடு, எங்க ஸ்கிரீன்ல 98! ஓபிஎக்ஸ்-5, அதாவது அளவோட மதிப்பு வர்ற இடம், காலியா வந்தா பழைய நம்பரையே காட்டுன்னு நாங்க தான் எழுதி வச்சிருந்தோம், நர்ஸ் சிஸ்டர் பாத்து சொன்னப்போ வயித்த கலக்கிடுச்சு. அன்னைல இருந்து காலின்னா காலி தான், எந்த நம்பரா இருந்தாலும் அது எடுத்த நேரம் பக்கத்துலயே தெரியணும். அலாரத்துக்கு இந்த வழியை நம்பவே கூடாதுங்கிறதும் அன்னைக்கு மனசுல பதிஞ்சது.

நேரம்னதும் தான் அடுத்த தலைவலி. ஒரு மானிட்டரோட கடிகாரம் நாலு நிமிஷம் பின்னாடி ஓடுனதால மருந்து குடுக்குறதுக்கு முன்னாடியே பிபி ஏறுன மாதிரி சார்ட்ல வந்துச்சு. இப்போ எல்லாத்தையும் நெட்வொர்க் வழியா கடிகாரங்களை ஒண்ணா வைக்கிற என்டிபில கட்டிட்டோம், மானிட்டர் சொல்ற நேரம், சர்வருக்கு வந்த நேரம் ரெண்டையும் தனித்தனி நெடுவரிசையில சேமிக்கிறோம், இடைவெளி ரொம்ப விரிஞ்சா எங்களுக்கு மெயில் வந்துடும்.