ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு ஹைட்ரோஜெல்: மூன்று மாதம் இட்டுப் பார்த்த அனுபவம்

பாம்பனில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தபோது என் தந்தையாரின் வலது பாதத்தைச் சிப்பி ஓடு கிழித்தது அவருக்கே தெரியவில்லை. 18 ஆண்டுச் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போயிருந்தது. திண்ணையில் படிந்த இரத்தத் தடத்தைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார். ஐந்து வாரமாகியும் மூடாத அந்தப் புண்ணுக்கு, பாதத்தின் இரத்த ஓட்டத்தைச் சோதித்த பிறகு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஹைட்ரோஜெல்லை மூன்று மாதம் என் கையாலேயே இட்டுவந்தேன்.

டியூபிலிருந்து வரும்போது அது இளநுங்கைப் போலத் தெளிந்து வழுவழுப்பாக இருக்கும். பெரும்பகுதி நீர்தான், அந்த நீரை வழிந்தோடாமல் பிடித்து வைத்திருப்பது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் போன்ற பொருள். சில ஜெல்களில் ஆல்ஜினேட்டும் சேர்கிறது. மன்னார் வளைகுடாவில் நம் பெண்கள் மூழ்கி எடுக்கும் கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளிலிருந்து கிடைக்கும் பொருள் அது என்று அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

வீட்டில் முதலில் எதிர்ப்புதான். புண் காய்ந்தால்தான் ஆறும் என்று நம்பி, காற்றாட விட்டு, பவுடர் தூவி, கடல்நீரில் கழுவிப் பழகிய ஊர் இது. ஆனால் ஈரம் காக்கப்பட்ட புண்ணில் புதுத்தோல் விரைந்து படர்கிறது என்பதை ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 1962ஆம் ஆண்டிலேயே பன்றிகளின் மேலோட்டமான காயங்களில் காட்டிவிட்டார். எங்கள் கண்முன்னும் அதற்கொத்ததே நடந்தது: புண்ணின் நடுவே தோல்செருப்பைப் போல விறைத்திருந்த மஞ்சள் நிறச் செத்த சதை, ஜெல்லின் ஈரத்தில் ஊறி இளகி, இரண்டாம் வாரத்தில் மருத்துவமனையில் செவிலியர் எளிதாக அகற்றும் அளவுக்கு நெகிழ்ந்தது; அடியில் சிவந்த சதை தெரிந்தது. கட்டைப் பிரிக்கும்போது காஸ் துணி ஒட்டிக்கொண்டு புதுச்சதையைப் பிய்க்காததும் பெரிய நன்மை.

தவறும் செய்தேன். கூடுதலாக இட்டால் விரைவில் ஆறும் என எண்ணிப் புண்ணைச் சுற்றியும் பூசியதால், ஓரத்துத் தோல் ஊறி வெளுத்துப்போயிற்று. புண்ணின் குழிக்குள் மட்டுமே ஜெல் நிற்க வேண்டும். ஏற்கெனவே நீர் வழியும் புண்ணுக்கு இது ஏற்றதன்று. மருந்து கலக்காத ஜெல்லுக்குக் கிருமியைக் கொல்லும் திறன் இல்லை. நாற்றமோ சீழோ காய்ச்சலோ கண்டால், கால் கறுத்தால், டியூபை வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதல் மாதத்தில் சதை சிவந்ததே தவிரப் புண் சுருங்கவில்லை. காரணம் ஜெல் அன்று. அப்பா அந்தக் காலை ஊன்றியே விடியற்காலையில் கரைக்கு நடந்துகொண்டிருந்தார். அவரை வீட்டில் உட்கார வைத்து, அழுத்தம் படாதபடி குடைந்த எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு அணிவித்து, சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் புளியங்கொட்டை அளவிலிருந்த குழி வாரந்தோறும் மேலெழுந்து பதினோராம் வாரத்தில் மூடியது. ஜெல்லை மட்டும் வாங்கி இட்டுவிட்டுக் காலை ஊன்றி நடப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மற்றபடி வறண்ட, ஆழமில்லாத புண்ணுக்கு மருத்துவர் சொன்னால் தயங்காமல் வாங்கலாம்.

வாங்கும்போது சிறிய டியூபாகக் கேளுங்கள். திறந்ததை நெடுநாள் வைத்திருக்கக் கூடாது என்பதால், நாங்கள் வாங்கிய பெரிய டியூபில் பாதியை எறிய நேர்ந்தது.